நல்ல ஆசிரியருக்குக் கூடுதல் சம்பளம்: நூலகத் தரவுத்தளங்களில் தேடியபோது கிடைத்தவை

தீபாவளிக்கு மறுவாரம் எங்கள் வீட்டில் உறவினர்கள் கூடியிருந்தபோது பேச்சு எப்படியோ ஆசிரியர் சம்பளத்துக்குத் திரும்பியது. தளவாட நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் வேலை செய்யும் மாமா, “எங்க வேலையில கஸ்டமர் கூடுனா போனஸ் கூடுது. டீச்சருக்கும் பிள்ளைங்க மார்க்கைப் பாத்துக் குடுத்தா என்ன தப்பு?” என்று கேட்டார். தொடக்கப்பள்ளியில் இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் என் சித்தி, கையிலிருந்த முறுக்கைக் கீழே வைக்காமலேயே, “எந்த மார்க்கைப் பாத்துண்ணே? என் கிளாஸ்ல பதினாலு பிள்ளைங்க. அதுல அஞ்சு பேரு வீட்ல தமிழே பேசுறதில்ல” என்றார்.

அத்துடன் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் அது மனத்தில் தங்கிவிட்டது. பல்கலைக்கழகத்தில் பொதுக் கொள்கைப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது ஒரு காரணம். பட்டம் முடித்ததும் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா என்று சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருப்பது இன்னொரு காரணம். மாமா கேட்டது நாளை என் சம்பளத்தைப் பற்றிய கேள்வியாகவும் இருக்கலாம்.

நான் முதலில் செய்தது, என் வயதில் பலரும் செய்வதுதான். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி ஒன்றிடம் கேட்டேன். ஐந்து ஆய்வுகளின் பெயர்களை ஆசிரியர், ஆண்டு, ஆய்விதழ் விவரங்களுடன் அழகாக அடுக்கிக் கொடுத்தது. அவற்றில் இரண்டு எங்குமே இல்லை. தலைப்பு நம்பும்படி இருந்தது, ஆய்விதழும் உண்மையானது, ஆனால் அந்த இதழில் அப்படி ஒரு கட்டுரை வந்ததே இல்லை. அதைத் தேடி ஒரு மாலைப் பொழுது வீணான பிறகுதான் நூலகத்தின் தரவுத்தளங்களுக்கு வந்து சேர்ந்தேன்.

ஒரு கேள்வி, நான்கு சொற்கள்

அங்கேயும் முதல் நாள் சரியாகப் போகவில்லை. ‘டீச்சர்’, ‘சேலரி’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று மூன்று சொற்களைப் போட்டுத் தேடினேன். ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்தன. மாணவர்களின் செயல்திறன், இசை நிகழ்ச்சி, நிறுவனத் தலைவர்களின் சம்பளம் என எல்லாமே அதில் கலந்திருந்தன. நூலகத்தின் இணைய ஆலோசனைச் சேவையில் பேசிய நூலகர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதைப் பற்றி எழுதுபவர்கள் இதை என்னவென்று அழைக்கிறார்கள்?”

அந்தக் கேள்விதான் திருப்புமுனை. அமெரிக்காவின் கல்வி ஆய்வாளர்கள் ‘மெரிட் பே’ என்கிறார்கள். பிரிட்டனில் அதற்குப் பெயர் ‘பெர்ஃபார்மன்ஸ் ரிலேட்டட் பே’. பொருளியலாளர்கள் ‘டீச்சர் இன்சென்டிவ்ஸ்’ என்று எழுதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் அது ‘பேமென்ட் பை ரிசல்ட்ஸ்’. ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் ஒரு நாட்டின் வாதம் மட்டுமே கண்ணில் படும், மற்றவை இல்லாதது போலவே தோன்றும். நான்கையும் மேற்கோள் குறிக்குள் வைத்து, இடையில் ‘ஆர்’ என்ற இணைப்புச் சொல்லைப் போட்டபோதுதான் படம் விரிந்தது.

‘எரிக்’ எனப்படும் அமெரிக்கக் கல்வித் தரவுத்தளத்தில் இன்னொரு வசதி உண்டு. கட்டுரையை எழுதியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், அதைப் படித்துப் பார்த்து ஒரு பொதுவான பொருள் தலைப்பின்கீழ் சேர்த்துவைக்கிறார்கள். நம் தலைப்பு அங்கே ‘மெரிட் பே’ என்ற பெயரில் இருக்கிறது. ‘ஜேஸ்டோர்’ அப்படியல்ல. அது கட்டுரையின் முழு உரையிலும் தேடுவதால், பேராசிரியர்களின் சம்பளமும் அரசாங்க ஊழியர்களின் போனசும் சேர்ந்தே வரும். அதோடு பல ஆய்விதழ்களின் அண்மைய சில ஆண்டுகள் ஜேஸ்டோரில் இருக்காது. அங்கு மட்டும் தேடுபவர் சில ஆண்டுகளுக்கு முந்திய உலகத்தைத்தான் பார்க்கிறார்.

இதையெல்லாம் தமிழில் குறிப்பெடுத்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. ‘மெரிட்’ என்றால் தகுதி. ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்றால் செயல்திறன். ‘ரிசல்ட்ஸ்’ என்றால் தேர்ச்சி. ஆங்கிலத்தில் ஒரே பொருளில் புழங்குவதாக நான் நினைத்த சொற்கள், தமிழில் எழுதும்போது மூன்று வேறு விஷயங்களாகப் பிரிந்தன. தகுதிக்குக் கொடுப்பது என்றால் ஆசிரியரைப் பார்க்கிறோம். செயல்திறனுக்குக் கொடுப்பது என்றால் வகுப்பறையைப் பார்க்கிறோம். தேர்ச்சிக்குக் கொடுப்பது என்றால் மாணவரின் தாளைப் பார்க்கிறோம். மாமா பேசியது மூன்றாவதைப் பற்றி. சித்தி பதில் சொன்னதும் அதற்குத்தான்.

ஆந்திராவும் கென்யாவும்

மாமாவின் கருத்து தவறு என்று நிரூபிக்கவே நான் தேடத் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எனக்குக் கிடைத்த ஆய்வுகளில் மிக வலுவானவற்றுள் ஒன்று மாமா பக்கம் நின்றது.

கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுத் தொடக்கப்பள்ளிகளில் நடத்திய ஆய்வு அது. 2011ல் ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமி’ இதழில் வெளிவந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில், மாணவர்களின் சராசரி மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தது என்பதைப் பொறுத்து ஆசிரியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். முன்னேற்றம் ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகளைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் 500 ரூபாய். சராசரியாகப் பார்த்தால் அது ஆண்டுச் சம்பளத்தில் சுமார் 3 விழுக்காடுதான். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பள்ளி மாணவர்கள் கணிதத்தில் 0.27 திட்ட விலக்கமும் மொழிப்பாடத்தில் 0.17 திட்ட விலக்கமும் கூடுதலாகப் பெற்றனர். புள்ளியியல் பேச்சை விட்டுவிட்டுச் சொன்னால், நூறு மாணவர்களில் நடுவில் நிற்கும் ஒரு பிள்ளை கணிதத்தில் சுமார் பத்துப் பேரைத் தாண்டி முன்னே போனதற்குச் சமம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தத் தேர்வுகளில் மனப்பாடம் செய்து எழுதக்கூடிய கேள்விகளும் இருந்தன, புரிந்தால் மட்டுமே எழுதக்கூடிய கேள்விகளும் இருந்தன. இரண்டிலும் மாணவர்கள் முன்னேறினர். ஊக்கத்தொகையுடன் சம்பந்தமே இல்லாத அறிவியலிலும் சமூகவியலிலும்கூட மதிப்பெண் கூடியது. ஆசிரியர்கள் பள்ளிக்கு வராமலிருப்பது குறையவில்லை. ஆனால் வந்த நாள்களில் கூடுதல் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், பள்ளி நேரத்துக்குப் பிறகும் வகுப்பு எடுத்தார்கள்.

இதைப் படித்த அன்று இரவு கட்டுரையின் தலைப்பையே மாற்றிவிடலாமா என்று நினைத்தேன். மறுநாள் கென்யா வந்தது.

கென்யாவின் பூசியா, டேசோ வட்டாரங்களில் பால் கிளெவி, நௌமன் இலியாஸ், மைக்கல் கிரெமர் ஆகியோர் செய்த ஆய்வு 2010ல் வெளிவந்தது. (கிரெமர் 2019ல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.) அங்கே நல்ல தேர்ச்சி காட்டிய பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு, மாதச் சம்பளத்தில் 21 முதல் 43 விழுக்காடு மதிப்புள்ள பரிசுகள் தரப்பட்டன. பரிசுடன் இணைந்த அரசாங்கத் தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது. பரிசுடன் இணையாத வேறொரு தேர்வை அதே மாணவர்களுக்கு வைத்தபோது உயர்வைக் காணவில்லை. ஆசிரியர் வருகையும் மாறவில்லை, வீட்டுப்பாடமும் கூடவில்லை. கூடியது ஒன்றே ஒன்று: தேர்வுக்குத் தயார்ப்படுத்தும் சிறப்பு வகுப்புகள். திட்டம் முடிந்ததும் மதிப்பெண் உயர்வும் மறைந்துவிட்டது.

இரண்டும் ஏழை வட்டாரப் பள்ளிகள். இரண்டும் குலுக்கல் முறையில் செய்யப்பட்ட நேர்மையான ஆய்வுகள். முடிவுகள் மட்டும் எதிரெதிர். ஆந்திராவில் பரிசு ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் எண்ணியது. தேர்வும் புரிதலைச் சோதித்தது. கென்யாவில் ஊரறிந்த பொதுத்தேர்வு ஒன்றே அளவுகோல், அதை எப்படிச் சமாளிப்பது என்பது எல்லோருக்கும் தெரியும். பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட எதை அளந்து கொடுக்கிறோம் என்பதே பெரிய கேள்வி என்று எனக்கு அப்போதுதான் புரியத் தொடங்கியது.

வடிகட்டி செய்த பிழை

இந்த இரண்டு ஆய்வுகளையும் நான் முதல் வாரத்தில் பார்க்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘கடந்த பத்து ஆண்டுகள்’ என்ற வடிகட்டியைப் போட்டுவைத்திருந்தேன். புதியதே சிறந்தது என்று உயர்நிலைப்பள்ளித் திட்டப்பணிகளில் பழகிய வழக்கம். ஆனால் இந்தத் துறையின் பெரிய சோதனைகள் பலவும் 2010ஐ ஒட்டி வெளிவந்தவை. பிறகு வந்தவர்கள் அவற்றை அடிக்குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு புதிய கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து பின்னோக்கிப் போய்த்தான் நான் ஆந்திராவைக் கண்டுபிடித்தேன். ஒரு பழைய கட்டுரையை ‘மேற்கோள் காட்டியவர்கள்’ என்ற இணைப்பைச் சொடுக்கினால் முன்னோக்கியும் போகலாம். இந்த இரண்டு வழிகளும் தெரிந்தால் போதும், தேடுபொறியின் தயவு பாதி தேவையில்லை.

வடிகட்டியை எடுத்த பிறகு அமெரிக்கா வரிசையாக வந்தது. நேஷ்வில் நகரில் 2006 முதல் 2009 வரை, தாமாக முன்வந்த சுமார் 300 நடுநிலைப்பள்ளிக் கணித ஆசிரியர்களை வைத்து ஒரு சோதனை. மாணவர்கள் குறிப்பிட்ட இலக்கை எட்டினால் ஆண்டுக்கு 15,000 அமெரிக்க டாலர் வரை. சிறிய தொகை என்று யாரும் சொல்ல முடியாது. ஒட்டுமொத்தமாக மாணவர் மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. ஐந்தாம் வகுப்பில் மட்டும் சற்று உயர்வு தெரிந்தது, அதுவும் அடுத்த ஆண்டு நிலைக்கவில்லை. ஆசிரியர்களைக் கேட்டபோது பெரும்பாலோர் சொன்ன பதில், தாங்கள் ஏற்கெனவே முடிந்த அளவு உழைத்துக்கொண்டுதான் இருந்தோம் என்பது. இந்த வரியில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். விற்பனையில் பணத்தைக் காட்டினால் இன்னும் பத்து வாடிக்கையாளரை அழைக்கலாம். பின்னம் புரியாத பிள்ளைக்கு அதைப் புரியவைக்கும் வழி தெரியாத ஆசிரியரிடம் பணத்தைக் காட்டினால் வழி தெரிந்துவிடுமா?

நியூயார்க் நகரம் தனிநபருக்குப் பதிலாகப் பள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தது. ஆசிரியர் ஒருவருக்கு 3,000 டாலர் என்ற கணக்கில் இலக்கை எட்டிய பள்ளிக்குத் தொகை போகும், பள்ளியே பிரித்துக்கொள்ளும். பெரும்பாலான பள்ளிகள் சமமாகப் பிரித்துக்கொண்டன. மாணவர் முன்னேற்றம் தெரியவில்லை. 2011ல் திட்டம் கைவிடப்பட்டது.

சிகாகோ ஹைட்சில் நடந்த சோதனை எனக்குச் சிரிப்பையும் சங்கடத்தையும் சேர்த்துத் தந்தது. ஆண்டின் தொடக்கத்திலேயே 4,000 டாலரைக் கையில் கொடுத்துவிட்டு, மாணவர்கள் முன்னேறாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது. அதே தொகையை ஆண்டு முடிவில் தருகிறோம் என்று சொல்லப்பட்ட ஆசிரியர்களிடம் அந்த விளைவு இல்லை. ஆய்வாக அது நுட்பமானது. ஆனால் கொடுத்ததைப் பிடுங்கிவிடுவோம் என்ற அச்சத்தில் ஆண்டு முழுவதும் வேலை செய்ய நம்மில் எத்தனை பேர் விரும்புவோம் என்பதை அந்த அட்டவணைகள் காட்டுவதில்லை.

அளவுகோலின்மேல் எடை கூடினால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டா இருக்கிறது. 2011ல் மாநில அரசின் விசாரணை, மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தியது உள்ளிட்ட முறைகேடுகளில் 178 ஆசிரியர்களும் பள்ளித் தலைவர்களும் ஈடுபட்டதாகக் கண்டறிந்தது. 2015ல் 11 பேர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். இலக்கை எட்டினால் போனஸ், எட்டாவிட்டால் வேலைக்கே ஆபத்து என்ற சூழல் அங்கே இருந்தது. அழிப்பானின் தடங்களை வைத்துத்தான் பிடித்தார்கள்.

160 ஆண்டுப் பழைய வாதம்

நான்காவது சொல்லான ‘பேமென்ட் பை ரிசல்ட்ஸ்’ என்னை 1862ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தப்பட்ட விதித்தொகுப்பின்படி, ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தேறினால் பள்ளிக்கு மானியம், தேறாவிட்டால் பிடித்தம். ஆசிரியரின் வருமானம் அந்த மானியத்தைப் பொறுத்தது. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னல்ட் அப்போதே அதை எதிர்த்தார். கல்வி இயந்திரத்தனமாகிவிடுகிறது, பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள் என்பது அவருடைய புகார். கென்ய ஆய்வு கண்டதும் ஏறத்தாழ இதையேதான். அந்த முறை 1890களில் இங்கிலாந்தில் மறைந்தது.

சென்னை மாகாணத்திலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பள்ளிகளுக்கு இதே வகையான தேர்ச்சி மானியம் இருந்தது. நம் கொள்ளுத்தாத்தாக்களின் திண்ணைப் பள்ளிகளும் இந்தக் கணக்குக்குள் வந்தன என்பதை ஒரு தரவுத்தளத்தில், அதுவும் வேறொன்றைத் தேடும்போது, தெரிந்துகொண்டேன்.

இங்கிலாந்து அதே வட்டத்தை இன்னொரு முறையும் சுற்றியது. 2013ல் அறிவித்து, 2014 செப்டம்பரிலிருந்து எல்லா ஆசிரியர்களின் சம்பள உயர்வையும் செயல்திறனுடன் இணைக்க வேண்டும் என்றது. ஆதாரக் கோப்புகளைத் தயாரிப்பதே தனி வேலையாகிவிட்டது என்ற குறை வலுத்தது. ஆசிரியர் வேலைச்சுமையைக் குறைக்க அமைக்கப்பட்ட பணிக்குழுவின் பரிந்துரைப்படி, 2024 செப்டம்பரிலிருந்து அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது.

சிங்கப்பூர் எங்கே நிற்கிறது?

மாமா கேட்டது இங்கே ஏற்கெனவே இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. ஆனால் அவர் நினைத்த வடிவில் இல்லை. 2000களின் தொடக்கத்தில் கல்வி அமைச்சு அறிமுகப்படுத்திய மேம்படுத்தப்பட்ட செயல்திறன் நிர்வாக முறையின்கீழ், ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்தில் தம் மேலதிகாரியுடன் இலக்குகளைப் பேசி வகுக்கிறார், நடுப்பகுதியில் ஒரு கலந்துரையாடல், இறுதியில் மதிப்பீடு. மாணவர்களின் முழுமையான வளர்ச்சி, தம் தொழில்திறனை வளர்த்துக்கொள்வது, பள்ளிக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஆற்றும் பங்கு எனப் பலவும் அதில் உண்டு. கிடைக்கும் தர நிலை, போனசையும் பதவி உயர்வையும் பாதிக்கிறது. தமிழில் நான் பிரித்த மூன்று சொற்களில், சிங்கப்பூர் தேர்ச்சியை விட்டுவிட்டுச் செயல்திறனையும் தகுதியையும் பிடித்துக்கொண்டிருக்கிறது எனலாம்.

இது நேஷ்வில்லை விட அறிவார்ந்த வழி என்பது என் எண்ணம். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. மதிப்பெண்ணை அளக்காவிட்டால் மனிதர்தான் மனிதரை அளக்க வேண்டும். ஆசிரியர்களை ஒருவருடன் ஒருவர் ஒப்பிட்டு நிலைப்படுத்துவது சரியா, அது கூடி வேலை செய்யும் பண்பைக் குறைக்காதா என்ற கேள்வி நாடாளுமன்றத்திலும் எழுந்திருக்கிறது. நல்ல பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்த ஆசிரியர், அதைப் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குக் கொடுத்தால் இருவருடைய மாணவர்களும் பயனடைவார்கள். ஒப்பீடு கடுமையாக இருந்தால் கொடுக்கத் தயங்குவார். தாமாகவே கொடுப்பவர்கள்தான் நான் பார்த்த ஆசிரியர்களில் அதிகம். அந்தப் பழக்கத்தைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது எந்த முறைக்கும் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

சிங்கப்பூரைப் பற்றிப் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை முறையை விவரிப்பவை. ஒரு பிரிவுக்குக் கொடுத்து, இன்னொரு பிரிவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்த்தவை அல்ல. நாடு முழுவதும் ஒரே முறை இருக்கும்போது ஒப்பிட ஆளில்லை. ஆகவே “சிங்கப்பூரில் ஆசிரியருக்கு போனஸ் உண்டு, மாணவர்கள் பீசா ஆய்வில் முன்னணியில் இருக்கிறார்கள், எனவே போனஸ் வேலை செய்கிறது” என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். வெளிநாட்டுக் கருத்துக் கட்டுரைகளில் இந்த வாதத்தைச் சந்தித்தேன். அதே தர்க்கத்தில் நம் துணைப்பாட வகுப்புகளையும் சாலையோர ஆங்சானா மரங்களையும்கூடக் காரணமாகச் சொல்லிவிடலாம்.

பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு 2012ல் வெளியிட்ட ஒரு குறிப்பு இங்கே உதவுகிறது. செயல்திறன் ஊதியம் இருப்பதற்கும் பீசா முடிவுகளுக்கும் ஒட்டுமொத்தமாகத் தொடர்பு தெரியவில்லை. ஆனால் நாட்டின் வருமானத்துடன் ஒப்பிடும்போது ஆசிரியர் சம்பளம் குறைவாக இருந்த நாடுகளில், அப்படிப்பட்ட ஊதியம் உள்ள இடங்களில் மாணவர்கள் சற்று மேலாகச் செய்தார்கள். சம்பளம் நன்றாக இருந்த நாடுகளில் நிலைமை தலைகீழ். ஆந்திராவையும் நேஷ்வில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த எனக்கு அது பொருந்துவதாகத்தான் பட்டது.

அப்படியானால் எல்லாருக்கும் சம்பளத்தை உயர்த்திவிட்டால்? அதற்கும் தரவுத்தளம் எளிய பதில் தரவில்லை. இந்தோனீசியாவில் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கியதை 2018ல் வெளியான ஓர் ஆய்வு ஆராய்ந்தது. ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, இரண்டாவது வேலை பார்ப்பது குறைந்தது. மாணவர் கற்றலில் முன்னேற்றம் இல்லை. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களை மட்டும் அளந்த ஆய்வு அது என்பதை மறக்கக்கூடாது. நல்ல சம்பளத்தைப் பார்த்து என் வயதினர் சிலர் இந்தத் தொழிலுக்கு வந்தால், அதன் பலன் இரண்டு மூன்று ஆண்டுகளில் தெரிவதில்லை. சிங்கப்பூர் 2022 அக்டோபரில் சுமார் 35,000 ஆசிரியர்களின் சம்பளத்தை 5 முதல் 10 விழுக்காடு வரை உயர்த்தியது. அது ஈர்ப்பதற்கும் தக்கவைப்பதற்கும்.

பணத்துக்கு அப்பால் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் ‘டாலிஸ்’ அனைத்துலக ஆய்வின்படி சிங்கப்பூர் ஆசிரியர்கள் வாரத்துக்கு 47.3 மணி நேரம் வேலை செய்கிறார்கள். ஒத்துழைப்பு அமைப்பின் சராசரி 41 மணி நேரம். ஊக்கத்தொகை என்பது கூடுதல் உழைப்பை வாங்குவதற்கான விலை என்றால், வாங்குவதற்கு இங்கே எவ்வளவு உழைப்பு மிச்சம் இருக்கிறது?

பதினான்கு பிள்ளைகளின் கணக்கு

சித்தி சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது உணர்ச்சிப் பேச்சு என்றுதான் அன்று நினைத்தேன். தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டேகர் ஆகிய இருவரின் 2002ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தபோது அது புள்ளியியல் என்று தெரிந்தது. சிறிய பள்ளிகளின் சராசரி மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதிக்குக் கற்பித்தலுடன் சம்பந்தமில்லை என்று அவர்கள் காட்டினார்கள். அதனால் சிறிய பள்ளிகளே பரிசுப் பட்டியலின் உச்சியிலும் தண்டனைப் பட்டியலின் அடியிலும் மாறி மாறி வரும்.

இதைத் தமிழ் வகுப்புக்குப் பொருத்திப் பார்த்தேன். தேர்வு நாளன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், வழக்கமாக வாங்குவதைவிட 40 மதிப்பெண் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் உள்ள வகுப்பில் சராசரி ஒரு மதிப்பெண் சரியும். 14 பேர் உள்ள தமிழ் வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று மதிப்பெண் சரியும். அதற்கு மேல், பல வகுப்புகளிலிருந்து தமிழுக்காக மட்டும் வந்து சேரும் பிள்ளைகள், வீட்டில் தமிழ் பேசுவோரும் பேசாதோரும் கலந்த கூட்டம். மாமா சொன்ன முறை இங்கே வந்தால், முதலில் அடிபடுபவர்கள் தமிழாசிரியர்களாகத்தான் இருப்பார்கள். சிறிய மொழிகளைக் கற்பிக்கும் எவருக்கும் இதே நிலைதான்.

என் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியை ஒருவர், வாய்மொழித் தேர்வுக்கு நடுங்கும் ஒரு நண்பனை வாரத்துக்கு இரண்டு முறை பள்ளிக்குப் பிறகு உணவகத்தில் உட்காரவைத்துச் சும்மா பேசிக்கொண்டிருப்பார். பாடம் எதுவும் இல்லை, காற்பந்துக் கதை. அவன் தேர்வில் சாதாரண தரநிலைதான் வாங்கினான். இன்று என்னிடம் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறான். இதை எந்தத் தாளில் அளப்பது?

கதவு யாருக்குத் திறந்திருக்கிறது

இத்தனையையும் படிக்க எனக்கு ஒரு காசு செலவாகவில்லை, பல்கலைக்கழகக் கணக்கு இருந்ததால். பட்டம் முடித்ததும் அது மூடிவிடும். ஆனால் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் தேசிய நூலக வாரியத்தின் மின்வளங்களை உறுப்பினர் கணக்கு வழியாகவே இலவசமாகப் பயன்படுத்தலாம். சில தரவுத்தளங்களை வீட்டிலிருந்தே திறக்கலாம், சிலவற்றுக்கு நூலகத்துக்குப் போக வேண்டும். தொடக்கக் கல்லூரி மாணவர்கள் பலர் கதைப்புத்தகம் இரவல் வாங்க மட்டும் அந்தக் கணக்கை வைத்திருக்கிறார்கள். மாமாவிடமும் அந்தக் கணக்கு இருக்கிறது. கடைசியாக எப்போது திறந்தார் என்பது அவருக்கே நினைவில்லை.

எரிக் உலகில் யாருக்கும் இலவசம். ஆனால் அதை நடத்துவது அமெரிக்கக் கல்வித் துறை. 2025ல் அந்நாட்டு அரசின் செலவுக் குறைப்பில் அதுவும் சிக்கியது. புதிதாகச் சேர்க்கும் ஆய்விதழ்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைக்க வேண்டிய நிலை வந்தது. வாஷிங்டனில் ஒரு வரவுசெலவுக் கணக்கில் கோடு போட்டால், அங் மோ கியோவில் ஒரு மாணவியின் தேடல் பட்டியல் சுருங்குகிறது. இதை நான் கட்டுரையில் எழுதவில்லை, தலைப்புக்குத் தொடர்பில்லை என்பதால். ஆனால் அந்த வாரம் எனக்குத் தேவையான அறிக்கைகளை எல்லாம் பதிவிறக்கி வைத்துக்கொண்டேன்.

கட்டுரையைப் போன வாரம் ஒப்படைத்தேன். ஆந்திர ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் அரைப் பக்கம் எழுதி மாமாவுக்கு அனுப்பினேன். “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்று உடனே பதில் வந்தது. அடுத்து கென்யாவை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சித்திக்கு அந்தப் பதினான்கு பிள்ளைகளின் கணக்கை அனுப்பினேன். இரவு பத்தரை மணிக்கு அழைத்தார். அப்போதும் பயிற்சித்தாள் திருத்திக்கொண்டுதான் இருந்தார். “கணக்கு சரியாத்தான் போட்டிருக்க” என்றவர், “ட்ரெயினிங்குக்கு விண்ணப்பம் எப்பக் கடைசி?” என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். “சரி, சனிக்கிழமை வா, பேசுவோம்” என்று சொல்லிவிட்டுத் தாள்களுக்குத் திரும்பினார்.